கான்டெம் படுக்கையோர விளக்கின் வயதைக் கணிக்க உதவி வேண்டும்

வணக்கம். லைப்சிக் நகரின் பழம்பொருள் சந்தையில் அண்மையில் வாங்கிய படுக்கையோர விளக்கு ஒன்றைப் பற்றி, பழைய ஜெர்மானிய விளக்குகளில் பழக்கமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கவே இதை எழுதுகிறேன். மணி வடிவ உலோக மூடியும், வேண்டிய பக்கம் சாய்க்கக்கூடிய கழுத்தும், அடிப்பீடத்தில் அழுத்துபொத்தானும் கொண்ட இவ்விளக்கின் அடியில் ‘கான்டெம்’ என்ற முத்திரை இருக்கிறது. ஜெர்மனியின் புகழ்பெற்ற கலை, வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸைச் சேர்ந்த மரியானே பிராண்ட்டும் ஹின் பிரெடென்டீக்கும் 1928-இல் லைப்சிக்கின் கோர்ட்டிங் - மாத்தீசன் நிறுவனத்துக்காக வடிவமைத்த விளக்கை இது பெரிதும் ஒத்திருக்கிறது. (அந்நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளான கே, எம் ஆகியவற்றைச் சேர்த்து உச்சரித்துப் பிறந்ததே ‘கான்டெம்’.) தூக்கக் கலக்கத்தில் துழாவும் கைக்குக்கூட எளிதில் அகப்படும்படி பொத்தானை அடிப்பீடத்தில் வைத்த அந்த யோசனைதான், என் பார்வையில், இவ்வடிவமைப்பின் உயிர்.

முத்திரையின் எழுத்துருவையோ பொத்தானின் பொருளையோ கொண்டு, இது இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்டதா, 1950-களில் செய்யப்பட்டதா என்று பிரித்தறியும் வழி உண்டா? துணி சுற்றிய பழைய மின்கம்பி பொடிப்பொடியாக உதிர்வதால் அதை மாற்றியே ஆகவேண்டும்; உடல் முழுவதும் உலோகமாக இருந்தும் நில இணைப்பு இல்லாத இவ்விளக்கில், பழைய தோற்றம் கெடாமல் மூன்று இழைக் கம்பியைப் பொருத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.