பழைய ஃபார்முலா ஒன் உண்மையிலேயே இப்போது இருப்பதைவிட நன்றாக இருந்ததா?

ஏழாவது கியர்:
2021 சீசனில்தான் பார்க்க ஆரம்பித்தேன். வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் ஒரே புள்ளிகளோடு கடைசி ரேசுக்கு வந்து, அபுதாபியில் கடைசி லேப்பில் பட்டம் கை மாறிய வருடம். முதல் வருடமே அப்படி அமைந்ததால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அப்புறம் 2023 வந்தது, 22 ரேசில் 19 வெர்ஸ்டாப்பனுக்கு. கூட உட்கார்ந்து பார்க்கும் சித்தப்பா "இதெல்லாம் ஒரு ரேசாடா, ஷூமாக்கர் காலத்தில் பார்த்திருக்கணும்" என்கிறார். பழைய ஹைலைட்ஸ் பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் தெரிகிறது, ஆனால் ஹைலைட்ஸ் என்றாலே நல்லதை மட்டும் வெட்டி ஒட்டுவதுதானே. அந்தக் காலத்தில் முழு ரேசையும் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே நன்றாக இருந்ததா?

வி10 ரசிகன்:
இருந்தது. முதல் காரணம், யார் ஜெயிப்பார் என்று கொடி விழும்வரை சொல்ல முடியாது, ஏனென்றால் வண்டி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 1997 ஹங்கேரியில் டேமன் ஹில் ஆரோஸ் காரை ஓட்டி முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். அந்த அணி அதுவரை ஒரு ரேஸ்கூட ஜெயித்ததில்லை. முடிய சில லேப் இருக்கும்போது ஹைட்ராலிக்ஸ் பழுதாகி வண்டி தவழ ஆரம்பிக்க, கடைசி லேப்பில் வில்நுவ் முந்திப் போய்விட்டார். ஆரோஸ் கடைசிவரை ஜெயிக்காமலே மூடப்பட்டது. 2001 ஸ்பெயினில் ஹாக்கினெனுக்கு அதே கதை, கடைசி லேப்பில் கிளட்ச் போய் வெற்றி ஷூமாக்கர் மடியில் விழுந்தது. இப்போது முன்னால் போகும் காருக்கும் பின்னால் வருகிற காருக்கும் பத்து விநாடி இருந்தால் நான் எழுந்து சாப்பிடப் போய்விடுகிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் நிற்காது.

ஒரே ஒரு முழு ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் 2005 சுசூகா பாருங்கள். தகுதிச் சுற்றில் மழை குறுக்கிட்டதால் ஷூமாக்கர் 14, அலோன்சோ 16, ரைக்கோனென் 17ஆவது இடத்திலிருந்து கிளம்பினார்கள். 130ஆர் என்ற அந்த அசுர வேக வளைவில் அலோன்சோ வெளிப்பக்கமாக ஷூமாக்கரை முந்தினார், எதிரே இருப்பது ஷூமாக்கர் என்று தெரிந்தும் காலை எடுக்கவில்லை. கடைசி லேப் தொடங்கும்போது முதல் வளைவில் ஃபிசிகெல்லாவின் வெளிப்பக்கம் போய் ரைக்கோனென் ஜெயித்தார். முந்துவதற்கு வசதியாகப் பின் இறக்கையைத் திறந்துவிடும் டிஆர்எஸ் எல்லாம் அப்போது கிடையாது. கூடவே 19,000 ஆர்பிஎம் வரை கத்தும் மூன்று லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் இன்ஜின் சத்தம்.

டயர் கணக்கு:
சுசூகா அருமையான ரேஸ், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது நூற்றில் ஒன்று. நான் 2002ஐ முழுசாகப் பார்த்தவன். ஜூலை மாதம் பிரான்சிலேயே பட்டம் முடிந்துவிட்டது, இன்னும் ஆறு ரேஸ் பாக்கி! அதே வருடம் ஆஸ்திரியாவில் ஆரம்பத்திலிருந்து முன்னணியில் இருந்த பாரிக்கெல்லோவை, கோட்டுக்கு நாலு அடி முன்னால் ஷூமாக்கருக்கு வழிவிடச் சொன்னது ஃபெராரி. கூட்டம் கூச்சல் போட்ட போட்டில் ஷூமாக்கரே மேடையில் பாரிக்கெல்லோவை உச்சிப் படியில் நிற்க வைத்தார். 2004ல் 18க்கு 13 ஷூமாக்கர். இன்னும் பின்னால் போனால் 1988ல் மெக்லாரன் 16க்கு 15. ஒரே அணி எல்லாவற்றையும் அள்ளுவது வெர்ஸ்டாப்பன் கண்டுபிடித்தது இல்லை.

அப்புறம் அந்தக் காலத்தில் முந்துவது பாதி பிட்டில்தான், அதாவது எரிபொருளுக்கும் டயருக்கும் வண்டி நிற்கும் இடத்தில்தான் நடக்கும். முன்னால் போகிற காரின் கலங்கிய காற்றில் ஒட்டிப் போக முடியாது, அதனால் எரிபொருள் நிரப்பும் நேரத்தை முன்னே பின்னே மாற்றி உள்ளே போய் வெளியே வரும்போது முந்திவிடுவார்கள். 2010ல் எரிபொருள் நிரப்புவதை நிறுத்தியதை நான் முழு மனதோடு வரவேற்றேன். என் கணக்கில் சிறந்த காலம் 2010 முதல் 2012 வரை. 2012ல் முதல் ஏழு ரேசுக்கு ஏழு வெவ்வேறு வெற்றியாளர்கள். கடைசி ரேஸ் பிரேசிலில், முதல் லேப்பிலேயே வெட்டல் இடிபட்டு எதிர்த்திசை பார்த்து நின்றார், அங்கிருந்து ஆறாவதாக வந்து மூன்றே புள்ளி வித்தியாசத்தில் அலோன்சோவைத் தாண்டிப் பட்டத்தைத் தக்கவைத்தார். சித்தப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள்.

கோவை ட்ராக்:
நம்ம ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் இறங்கிய 2005தான் எனக்கு எல்லாமே. ஆனால் அந்த வருட இண்டியானாபொலிஸ் ரேசை நல்ல நினைவாகச் சொல்ல எனக்கு மனசு வராது. ரேசுக்கு நடுவே டயர் மாற்றக்கூடாது என்று அந்த வருடம் விதி. சாய்வான அந்தப் பெரிய வளைவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை, 14 கார்கள் ரேசுக்கு முன் வரிசைகட்டி ஓட்டும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. ஆறு கார்களோடு ரேஸ் நடந்தது. நரேன் நான்காவது, ஐந்து புள்ளி. கிடைத்த காரை ஒழுங்காக ஓட்டி முடித்தார், அந்தப் புள்ளிகள் அவருக்கு உரியவை. குற்றம், டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்ட அணிகள், அமைப்பாளர்கள் மேல்தான். பழைய காலம் பொற்காலம் என்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் கொடி:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் மார்ஷலாக, அதாவது ட்ராக் ஓரத்தில் கொடி காட்டி உதவிக்கு ஓடுகிறவனாக நின்றிருக்கிறேன், அதனால் என் பார்வை வேறு. "அப்போது ஆபத்து இருந்தது, அதனால்தான் சுவாரஸ்யம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். 1973 ஸாண்ட்வோர்ட் ரேசில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது, அவர் உள்ளே சிக்கிக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு, ட்ராக்கைக் குறுக்கே ஓடிக் கடந்து, எரிகிற காரைத் தனியாளாகப் புரட்டப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற மார்ஷல்களுக்குத் தீ தாங்கும் உடுப்பு கிடையாது, நெருங்க முடியவில்லை. ரேசை நிறுத்தவே இல்லை, மற்ற கார்கள் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தன. வில்லியம்சன் அங்கேயே இறந்தார். 1994 இமோலாவில் சனிக்கிழமை ராட்ஸன்பெர்கர் இறந்தார், ஞாயிறு சென்னா.

2020 பஹ்ரைனையும் பாருங்கள். குரோஷான் கார் தடுப்பைக் கிழித்துக்கொண்டு இரண்டு துண்டாகி எரிகிறது. முதல் லேப்பில் பின்னாலேயே வரும் மருத்துவக் கார் உடனே வந்து நிற்கிறது, ஒரு மார்ஷல் தீயணைப்பானோடு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வருகிறார். 28 விநாடி கழித்து கையில் தீக்காயத்தோடு அந்த மனிதர் தானாக ஏறி வெளியே வருகிறார். டிரைவரின் தலையைக் காக்கும் வளையமான ஹேலோ வந்தபோது "அசிங்கமாக இருக்கிறது" என்று எத்தனை பேர் திட்டினார்கள்!

வி10 ரசிகன்:
பாதுகாப்பில் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகக்கூடாது அண்ணா, நானும் அதே கட்சிதான். நான் கேட்பது சின்னக் கார். 2005ல் டிரைவரோடு சேர்த்து 600 கிலோ சொச்சம், 2022ல் 798 கிலோ. ஐந்தரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அந்தக் கப்பலை மொனாக்கோ சந்துக்குள் விட்டால் எங்கே முந்துவது? 2024ல் முதல் பத்துப் பேர் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். 2025ல் கட்டாயம் இரண்டு முறை டயர் மாற்று என்றார்கள், உடனே சில அணிகள் ஒரு டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கூட்டாளிக்கு இடைவெளி உண்டாக்கின. ஹேலோவும் விபத்தைத் தாங்கும் கட்டமைப்பும் கொஞ்சம் எடை கூட்டத்தான் செய்யும், அது இருக்கட்டும். ஆனால் பேட்டரியும் ஹைப்ரிட் சாமானும் ஏற்றிய எடை கொஞ்சமா? 2026 விதியில் 30 கிலோ குறைத்து, அகலத்தில் 10 சென்டிமீட்டர் வெட்டியிருக்கிறார்கள். சரி, நல்ல தொடக்கம். எனக்கு இன்னும் 100 கிலோ குறைய வேண்டும்.