பின்வேலியில் நிற்பது விடத்தலா, சீமைக் கருவேலா?

கேள்வி (வெள்ளாங்குளம்)

வணக்கம். நாங்கள் காணிக்கு மீளக் குடிவந்த காலத்திலிருந்து பின்வேலியோரம் ஆளுயரத்துக்குச் சற்று மேலாக ஒரு முட்செடி புதராக நிற்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளிலும் அது கருகவில்லை. துப்புரவு செய்ய வந்தவர்கள் சீமைக் கருவேல் என்று சொல்லி, வேரோடு பிடுங்கிவிடச் சொன்னார்கள். அம்மம்மாவோ அது விடத்தல் என்றும், தன் சிறுவயதில் வேலிக்கட்டைக்கு அதைத்தான் தறித்தார்கள் என்றும் உறுதியாகச் சொல்கிறார். கீழே கிடந்த காய்களை உடைத்து ஐம்பது விதை ஊன்றினேன், மூன்றுதான் முளைத்தன. இதை எப்படி இனங்காண்பது, விதையிலிருந்து எப்படி வளர்ப்பது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (முழங்காவில்)

தம்பி, தெரியாமல் எதையும் பிடுங்க வேண்டாம். முதலில் முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலுக்கு முள் கணுவில் தனியாகவோ இரட்டையாகவோ வரும். விடத்தலில் குறுங்கிளையே நுனி கூர்ந்து முள்ளாகிவிடுவதால், சில முட்களின் மேலேயே இலை துளிர்த்திருக்கும். அடுத்து, ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் விரித்து எண்ணுங்கள்: நடு ஈர்க்கிலிருந்து பிரியும் சிற்றீர்க்குகள் சீமைக் கருவேலில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சோடிதான், விடத்தலில் ஐந்துக்கு மேல், பதினைந்து வரையும் போகும். அந்தச் சோடிகளுக்கு நடுவே குண்டூசித் தலைபோலக் காம்புள்ள சிறிய சுரப்பிகளும் தெரியும்.

பூத்திருந்தால் ஐயமே இராது. விடத்தல் பூங்கதிர் தலைகீழாகத் தொங்கும். காம்பை ஒட்டிய மேற்பாதி இளஞ்சிவப்பாகத் தொடங்கி நாளாக ஆக வெளிறும், நுனிப்பாதி மஞ்சளாக இருக்கும். மேலே உள்ளவை மலட்டுப் பூக்கள். காய் பிடிப்பது மஞ்சளில்தான். காய்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கொத்தாகக் காயும். சீமைக் கருவேலின் காய் நீண்டு, வைக்கோல் நிறத்தில் இருக்கும். விடத்தல்தீவு என்ற ஊர்ப்பெயரிலேயே நிற்கின்ற செடியை அந்நியச் செடியென்று வெட்டிவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

மறுமொழி (நெடுங்கேணி)

நான் வீட்டில் சிறிய நாற்றுமேடை வைத்திருக்கிறேன். உங்கள் விதை முளைக்காததற்குக் காரணம் அதன் தோல். நீர் உள்ளே இறங்காத அளவுக்கு அது இறுகியிருக்கும். விதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஊசித்துளை போன்ற ஓட்டை உள்ளவற்றை வண்டு குடைந்தது என்று கழித்துவிடுங்கள். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் சில விதைகள் பருத்து வழவழப்பாக இருக்கும். அவற்றை உடனே ஊன்றுங்கள். பருக்காதவற்றை, முளை வரும் முனையைத் தவிர்த்து, மறுபக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் இலேசாகக் கீறி மீண்டும் ஊறவையுங்கள். கீறுவது மினக்கெட்ட வேலைதான், ஆனால் என் அனுபவத்தில் அதுவே கூடுதலாகக் கைகொடுத்தது.

ஆணிவேர் விரைவாக இறங்குமாதலால் உயரமான பொலித்தீன் பையே நல்லது. தாய்ச்செடியின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கலந்தால், வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வரும். ஆவணியில் ஊன்றி, ஐப்பசி மழை மண்ணை நன்றாக நனைத்த பின் நட்டால் மாரி முழுவதும் அதற்குக் கிடைக்கும். முதல் ஆண்டில் ஆடு கடிக்காமல் முள்ளடைப்புப் போடுங்கள். விதை தேடிக் காட்டுக்குள் போவதானால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்று கேட்டறிந்து போங்கள்.

மறுமொழி (மடு)

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேர் காயப்பட்டால் விடத்தல் அந்த இடத்திலிருந்தே குருத்து விடும். எனவே உழுகின்ற வயலுக்கு அருகில் நடாதீர்கள். இதே செடி கியூபாவில் மராபு என்ற பெயரில் பெரும் விளைநிலங்களையே மூடியிருக்கிறது. நமக்கு அது சொந்தச் செடி என்றாலும், வேலிக்கும் தரிசு நிலத்துக்கும்தான் பொருந்தும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஏழு இலைகளை எண்ணினேன். எதிலும் எட்டுச் சோடிக்குக் குறையவில்லை. ஒரு முள்ளின் நடுவில் இரண்டு துளிர்களும் இருந்தன. அம்மம்மாவிடம் காட்டினேன், காய்ந்த கொத்தொன்றைத் தானே கையிலெடுத்து உடைக்கத் தொடங்கிவிட்டார். விதைகளில் பாதியைக் கீறியும் பாதியை வெந்நீரில் மட்டும் ஊறவைத்தும் தனித்தனிப் பைகளில் ஊன்றி, முளைத்த எண்ணிக்கையை இங்கேயே எழுதுகிறேன்.