நூலகத்தில் ஏஐ: ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

உசாத்துணை:
வணக்கம். கல்லூரி நூலகத்தில், மாணவர்கள் கேட்கும் தகவலைத் தேடித் தரும் உசாத்துணைப் பிரிவு என் பொறுப்பு. நூலக இணையதளத்தில் ஏஐ அரட்டைக் கருவி வைக்கலாமா என்று நிர்வாகம் கருத்துக் கேட்டிருக்கிறது. ஆதரவா, எதிர்ப்பா, ஒரு வரியில் எழுதித் தர வேண்டுமாம். என்னால் எழுத முடியவில்லை.

ஆய்வு மாணவி ஒருவர், ஒரு கட்டுரை எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று வந்தார். ஆசிரியர் உண்மையானவர், அந்தத் துறையில் தெரிந்த பெயர். இதழும் உண்மை, நாங்களே சந்தா கட்டுகிறோம். தொகுதி, பக்க எண் எல்லாம் கச்சிதம். அந்தப் பக்கத்தைப் புரட்டினால் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார். டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாளம்) போட்டால் மூன்றாவதாக ஒரு கட்டுரைக்குப் போகிறது. ஏஐ கொடுத்த மேற்கோள் பட்டியலில் இருந்தது அது. இவ்வளவு ஒழுங்காக இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? "அப்போ மீதி எல்லாமும் இப்படித்தானா?" என்று கேட்டபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. பட்டியலை முதலிலிருந்து சேர்ந்தே சரிபார்த்தோம்.

ஆனால் நூல்களை வகைப்படுத்திப் பதிவு செய்யும் பட்டியலாக்கப் பிரிவில் இருப்பவர்கள் இதே தொழில்நுட்பத்தை ஆசையோடு எதிர்பார்க்கிறார்கள். ஒரே படிப்பு, ஒரே நூலகம். பார்வை மட்டும் ஏன் இப்படி நேர்மாறாக இருக்கிறது?

பட்டியலர்:
மேடம், நான் அந்தப் பக்கத்து ஆள். பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொல்) போடாமல் குவிந்து கிடக்கும் நூல்கள் இருந்தும் இல்லாதவைதான். தேடுபவர் கண்ணில் படாது. பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்ற திறமூல மென்பொருளைப் பாருங்கள். ஏற்கெனவே தலைப்பிட்ட பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, புது நூலுக்குத் தலைப்புகளைப் பரிந்துரைக்கும். ஏற்பதும் தள்ளுவதும் நம் கையில். ஜாவா தீவின் வரலாற்றுக்கு நிரல்மொழி என்று தலைப்பு வந்தால் பார்த்தவுடனே எடுத்துவிடுவோம்.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான்: எங்களிடம் கருவியின் பிழையை முதலில் பார்ப்பவர் பயிற்சி பெற்றவர். உங்கள் மேசையில் அது நேரே மாணவர் கைக்குப் போய்விடுகிறது. உங்கள் கோபம் நியாயமானது.

பழைய அலமாரி:
நூல் விவர அட்டைகள் அடுக்கிய பெட்டி போய், கணினியில் தேடும் நூற்பட்டியலான ஓபாக் வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம். பழகிவிடும் அம்மா.

உசாத்துணை:
ஐயா, இந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. எழுதப்படாத நூலுக்கு ஓபாக் தானாக ஒரு பதிவை உருவாக்கியதில்லை. என் கவலை வேலை போவது பற்றியும் இல்லை. நூலக முத்திரையோடு ஒரு பொய் மாணவரிடம் போய்ச் சேருவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மின்வளம்:
எல்லாக் கருவியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். 2024இல் வந்த, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் ஸ்கோபஸ் ஏஐ போன்றவை தங்கள் தரவுத்தளத்தில் இருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைத் தேடி எடுத்து, அதிலிருந்து பதில் எழுதுகின்றன. ஆகவே காட்டும் கட்டுரை பெரும்பாலும் இருக்கும். அந்தக் கட்டுரை சொல்லாததைச் சொன்னதாகக் கருவி எழுதும் ஆபத்து மட்டும் தீரவில்லை. மூலத்தைத் திறந்து படித்தே ஆக வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன் கேளுங்கள்: மாணவர் தட்டும் கேள்வி எந்தச் சர்வருக்குப் போகிறது, எத்தனை நாள் சேமிப்பில் இருக்கும், ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துவார்களா? யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதையே வெளியில் சொல்லாத தொழில் நம்முடையது. இன்னொன்று, சந்தா கட்டிய கட்டுரைகளை வெளி ஏஐ கருவிகளில் ஏற்றக்கூடாது என்று சில பதிப்பகங்கள் உரிமத்தில் போட்டிருக்கின்றன. மாணவர்களுக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

உசாத்துணை:
நன்றி. பட்டியலர் சொன்ன "பிழையை முதலில் யார் பார்க்கிறார்" என்பதை வைத்தே எழுதப் போகிறேன். பட்டியலாக்கத்துக்குச் சம்மதம். அரட்டைக் கருவி திறப்பு நேரம், புத்தகப் புதுப்பிப்பு போன்றவற்றுக்கு மட்டும். ஆய்வுக் கேள்வி வந்தால் எங்களிடம் அனுப்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

மின்வளம்:
சரிபார்க்கும்போது டிஓஐயை மட்டும் நம்பாமல், முழுத் தலைப்பை, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் போட்டுப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பதிவு செய்யும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவும் 2023 முதல் கிராஸ்ரெஃப் வழியாக இலவசம். மாணவர்களிடம் மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோடெரோ மென்பொருள் இருந்தால் அதுவே எச்சரிக்கை காட்டும்.