ஒற்றைக்கால் சில்வரும் சிறுவன் ஜிம்மும்: ‘புதையல் தீவு’ பிள்ளைகளுக்கு வேண்டுமா?

அலமாரிக்காரி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் 10 முதல் 13 வயதுவரையுள்ள பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிக்கிறோம். வாசிப்புப் பட்டியலில் இருக்கும் ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. 1883இல் நூலாக வந்த அந்தக் கடற்கொள்ளையர் கதையில் கெட்டவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். கறுப்பு நாய் எனப்படுபவனுக்கு இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. பியூவுக்குக் கண் தெரியாது. லாங் ஜான் சில்வருக்கு இடக்கால் இடுப்பை ஒட்டி வெட்டப்பட்டிருக்கிறது. உடலில் எது குறைந்திருந்தாலும் அங்கே ஒரு கத்தி ஒளிந்திருக்கும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. சென்ற ஆண்டு இதை வாசித்த மறுவாரம், பையன்கள் ஒரு காலை மடக்கித் துண்டால் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரன் விளையாட்டு ஆடினார்கள். காலில் காலிப்பர் என்னும் தாங்கு கருவி அணிந்து வரும் சிறுமி அன்று முழுவதும் படிக்கட்டை விட்டு இறங்கவில்லை.

இதற்குப் பதில் ராட்மன் ஃபில்பிரிக் 1993இல் எழுதிய ‘ஃப்ரீக் த மைட்டி’யை வாசிக்கலாம். படிப்பு ஏறாத ஆஜானுபாகுவான மேக்ஸ், உடல் வளராத, ஆனால் மூளை மின்னும் கெவினைத் தோளில் சுமந்துகொண்டு, ஆர்தர் அரசனின் வீரர்களைப் போல ஊரைச் சுற்றுகிறான். மேலே இருப்பவன் காலால் தட்டி வழி சொல்கிறான். நட்பைச் சொல்லித்தர இதைவிட வேறு என்ன வேண்டும்?

கரைக்காற்று எழுதியது:

விரல், கண், கால் என்று நீங்கள் எடுத்துவைத்த கணக்கு சரியே. ஆனால் சில்வரை அந்த வரிசையில் மூன்றாவது ஆளாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம்மின் வீட்டு விடுதியில் ஒரு பழைய கொள்ளைக்காரர் தங்கியிருக்கிறார். ஒற்றைக்கால் மாலுமி வருகிறானா என்று கவனித்துச் சொல்ல அவர் ஜிம்முக்குத் தருவது மாதம் ஒரு நான்கு பென்னி வெள்ளிக் காசு கூலி. அந்த வேலை அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. கனவில் வருபவனுக்கு ஒருநாள் முழங்காலோடு கால் இல்லை, இன்னொரு நாள் உடலின் நடுவிலேயே ஒரே கால். பிறகு பிரிஸ்டலில் உண்மையான சில்வரைப் பார்க்கிறான். பறவை தத்துவது போல மேசைக்கு மேசை போய், வந்தவர்களின் தோளைத் தட்டிச் சிரிக்கும் விடுதிக்காரர் அவர். கனவுக்கும் மனிதனுக்கும் இருந்த தொலைவு ஜிம்மோடு சேர்ந்து வாசிக்கிற பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது.

புதையல் தேடிப் போகும் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்து அவர் சமைப்பதையும் பாருங்கள். இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டும் என்பதற்காக ஊன்றுகோலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். அதன் அடியைத் தடுப்புச் சுவரில் முட்டுக்கொடுத்து, அதில் சாய்ந்து, கப்பல் ஆடுகிறபடி தானும் ஆடிக்கொண்டே, கரையில் நிற்பவரைப் போலச் சமைக்கிறார். தளத்தில் அகலமான இடங்களைக் கடக்கப் பிடிமானமாகக் கயிறுகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கு ‘லாங் ஜானின் காதணிகள்’ என்று பட்டப்பெயர். பிற்காலத்துச் சாய்தளமும் கைப்பிடியும் செய்கிற வேலையை ஒரு கொள்ளைக்காரக் கதை அன்றே காட்டிவிட்டது.

இதன் பின்னால் ஒரு நட்பு உண்டு. எலும்புக் காசநோயால் இடக்காலின் கீழ்ப்பகுதியை இழந்த கவிஞர் ஹென்லி, மிஞ்சிய காலையாவது காக்க எடின்பரோவில் அறுவை மருத்துவர் லிஸ்டரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, 1875இல் ஸ்டீவன்சன் அவரைப் பார்க்கப் போனார். சில்வர் பிறந்தது உன் வலிமையைக் கண்டுதான் என்று 1883இல் அவருக்கே கடிதம் எழுதினார்.

அலமாரிக்காரி எழுதியது:

நீங்கள் சொன்ன கனவையே எடுத்துக்கொள்வோம். விடுதியில் பொய்யாகத் தெரிந்த கனவு கடைசியில் பலித்துவிடுகிறதே! சில்வர் கொலைகாரர், கலகத்தில் சேர மறுத்து விலகி நடக்கும் ஒரு மாலுமியின் முதுகில் ஊன்றுகோலை எறிந்து வீழ்த்தி, தத்திப் போய்க் கத்தியால் குத்துகிறார். முதலில் பயந்ததுதான் சரி என்றல்லவா பிள்ளை முடிவு செய்யும்?

நட்பு என்றீர்கள். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் ஜிம், சில்வர் தன்னிடம் பேசிய அதே புகழுரையை அப்படியே இன்னொரு இளம் மாலுமியிடம் சொல்வதைக் கேட்கிறான். இது கலகத்துக்கு ஆள்பிடிக்கும் வேலை. ஹென்லியைப் பற்றி ஸ்டீவன்சன் சொன்னதும் அந்த ஒரு கடிதத்தோடு முடியவில்லை. தாம் மதித்த நண்பர் ஒருவரை எடுத்து, அவருடைய மேன்மையான குணங்களைக் களைந்துவிட்டு, வலிமையையும் துணிச்சலையும் கலகலப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு சில்வரைச் செய்ததாகப் பிற்காலக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். மேன்மையைக் களைந்தவருக்குக் குறைந்த காலையும் சேர்த்துக் களையத் தோன்றவில்லை. 1888இல் அந்த இருவரும் மனம் முறிந்து பிரிந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் வேறாக இருந்தாலும்.

மூன்றாங்கால் எழுதியது:

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததிலிருந்து எனக்கு இந்தக் கட்டைதான் துணை. எனவே இருவரிடமும் எனக்கு வழக்கு உண்டு.

முதலில் ‘ஃப்ரீக் த மைட்டி’. கடத்தப்பட்ட மேக்ஸை மீட்க வரும் கெவின், தண்ணீர்த் துப்பாக்கியைக் காட்டி அமிலம் என்று மிரட்டி அடிக்கிறான். உள்ளே இருப்பது சோப்பும் வினிகரும் கறிமசால் தூளும். (நம் மசாலாவுக்கு அமெரிக்காவில் இப்படியும் ஒரு பயன்.) அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அங்கே யாரும் அவனைச் சுமக்கவில்லை. ஆனால் முடிவில் கெவின் இறக்கிறான். அவன் கொடுத்துவிட்டுப் போன வெற்றுத்தாள் புத்தகத்தில் மேக்ஸ் கதையை எழுதுகிறான். பலவீனமான உடல் கொண்ட நண்பன் செத்து, திடமான நண்பனுக்கு ஞானம் வருவதை எத்தனை கதைகளில்தான் படிப்பது? பள்ளியில் என்னை மாடிக்குத் தூக்கிப் போனவர்கள் பலர். அவர்களுக்கு நன்றி உண்டு. நான் மாடி ஏறாத நாட்களில் கீழேயே இருந்து என்னோடு சாப்பிட்டுச் சண்டையும் போட்டவன் ஒருவன்தான். அவனோடுதான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து சில்வர். கப்பல் சமையலறையைச் சொன்ன கரைக்காற்று இருபதாம் அத்தியாயத்தை ஏன் விட்டுவிட்டார்? தீவில் வேலியடைத்த வீட்டுக்குள் இருக்கும் கேப்டன் தரப்பிடம், கலகக்காரர்களின் தலைவராகச் சமாதானம் பேச வரும் சில்வர் ஊன்றுகோலை முதலில் வீசிவிட்டு வேலியை லாகவமாகத் தாண்டுகிறார். அதற்குப் பிறகு மேடு, மரக்கட்டைகள், பொலபொலவென்ற மணல். அங்கே அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. மணலில் கட்டை இறங்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். அந்த வரிகளை எழுதியவர் தம் நண்பர் நடப்பதை உற்றுப் பார்த்திருக்கிறார். கேப்டன் அவரை வீட்டுக்குள் விடாமல் மணலில் உட்கார வைத்தே பேசுகிறார். பேச்சு முறிந்ததும், எழுந்திருக்கக் கை கொடுங்கள் என்று சில்வர் கேட்கிறார். ஒருவரும் அசையவில்லை. அவர் திட்டிக்கொண்டே மணலில் ஊர்ந்து போய், முகப்பைப் பற்றி எழுந்து, இவர்களுடைய ஊற்றில் காறித் துப்பிவிட்டுப் போகிறார். அங்கே ஜிம்மும் நிற்கிறான். எங்களில் ஒருவரும் அசையவில்லை என்று அவனே சொல்கிறான். கொலைகாரனுக்கு எதற்குக் கை கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அதைத்தான் பேச வேண்டும்.

கரைக்காற்று எழுதியது:

அந்த அத்தியாயத்தைப் பலமுறை வாசித்திருந்தும் ஊற்றில் துப்பியது மட்டுமே எனக்கு நினைவில் நின்றது. ஊர்ந்ததை மறந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆப்பிள் பீப்பாயோடு கணக்கை முடிக்காதீர்கள். பிற்பாடு ஜிம் கொள்ளைக்காரர்களிடம் சிக்கிக்கொள்கிறான். வேலியைத் தாண்டி ஓடிவந்துவிடு என்று டாக்டர் அழைக்கும்போது, சில்வருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஜிம் மறுக்கிறான். அன்றே அதே சில்வர் அவனை இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப் போகிறார். புதையல் குழி காலி என்று தெரிந்ததும் அவரே அவன் கையில் கைத்துப்பாக்கியைக் கொடுக்கிறார். இப்படி நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இருப்பதும் நட்பில் ஒரு வகை. அதில் இரக்கம் மட்டும் இல்லை.

அலமாரிக்காரி எழுதியது:

பியூவுக்கும் கறுப்பு நாய்க்கும் நீங்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு சமையலறை கூட இல்லை. இருபதாம் அத்தியாயத்தை மட்டும் தனியாக வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றாங்கால் அவர்கள் வந்து வாசித்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாங்கால் எழுதியது:

நான் வந்தால் பிள்ளைகள் என் கட்டையைப் பார்ப்பார்கள், மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வார்கள், கொலைகாரனுக்குக் கை கொடுக்கலாமா என்ற கேள்வி எழவே எழாது. நீங்களே வாசியுங்கள். அது இருக்கட்டும், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியிடம், விளையாட்டில் அவளுக்கு எந்த வேடம் வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

அலமாரிக்காரி எழுதியது:

கேட்கவில்லை. சனிக்கிழமை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.