பிரவுசர் எக்செலில் பில் பட்டன் வேலை செய்யவில்லை. பழையபடி கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளவா?

ஷீட்டுக்கடை அக்கா, குலசேகரம்:
ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். தம்பி மஸ்கட் போகும் முன் எக்செலில் ஒரு பில் ஃபைல் செய்து தந்தான். எடையைப் போட்டால் ஈரத்துக்குக் கழித்து, அன்றைய விலையால் பெருக்கி, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு பட்டனை அமுக்கினால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து இரண்டு சீட்டு வரும். ஆபீஸ் 2010. பத்து வருஷமாக ஓடுகிறது, நான் உள்ளே கை வைத்ததே இல்லை.

போன வாரம் கம்ப்யூட்டர் பார்க்க வந்த பையன், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் நின்றுவிட்டது, இனி எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றிவிடுங்கள், அங்கேயும் இதே எக்செல்தான், காசும் இல்லை என்றான். சார்ஜாவில் இருந்து வீட்டுக்காரரும் கணக்கு பார்க்கலாமே என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஒரு மாமா ஸ்கூட்டரில் இரண்டு கட்டு ஷீட் கொண்டுவந்தார். எடை போட்டு பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலு தடவை அமுக்கினேன். "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா மக்ளே?" என்றார். கடைசியில் கையால் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி அவர் சார்ஜாவில் திறந்து பார்த்தால் ஆட்கள் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறதாம். இங்கே என் கம்ப்யூட்டரில் தமிழ் சரியாகத் தெரிகிறது. அதே எக்செல்தான் என்றால் இதெல்லாம் எப்படி?

தக்கலை கணக்கர்:
அக்கா, பெயர்தான் ஒன்று. பட்டனுக்குப் பின்னால் இருப்பது மாக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே தம்பி எழுதி வைத்த சின்ன புரோகிராம். பிரவுசர் எக்செலில் அந்த ஃபைல் திறக்கும், மாக்ரோவும் அழியாமல் உள்ளே இருக்கும், ஆனால் ஓடாது. நாலு தடவை இல்லை, நாற்பது தடவை அமுக்கினாலும் அவ்வளவுதான். பிரவுசருக்கென்று ஆபீஸ் ஸ்கிரிப்ட் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் மொழியே வேறு, தம்பி எழுதியது தானாக அதற்கு மாறாது.

பெயர்கள் அப்படித் தெரிகிறதென்றால் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்திருப்பீர்கள். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம் போடுவது ஃபாண்ட். உங்கள் கம்ப்யூட்டரில் ஃபாண்ட் இருக்கிறது, அவரிடம் இல்லை. பெயர்ப் பத்தியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அதில் உள்ளேயும் தமிழ் எழுத்தேதான் இருக்கும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பிரிண்டர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பிரவுசர் பக்கத்தைப் படமாக அனுப்பும். டாட் மேட்ரிக்ஸ் அதை வரிவரியாக உழுதுகொண்டிருக்கும். கார்பன் சீட்டு வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் எக்செலை விடாதீர்கள்.

ஆனால் ஆபீஸ் 2010க்கு 2020லேயே சப்போர்ட் போயாச்சு, அதில் பிடிவாதம் வேண்டாம். புது ஆபீஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையில் வரும், போடும்போது 32 பிட் கேட்டு வாங்குங்கள். சும்மா விட்டால் 64 பிட் ஏறும். தம்பியின் மாக்ரோ பிரிண்டருக்காக விண்டோஸை நேரடியாகக் கூப்பிட்டிருந்தால், 64 பிட்டில் திருத்தாமல் ஓடாது.

தேன்கடை, மார்த்தாண்டம்:
நான் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பழகியவன். எஃப்5 அடித்தால் பேமென்ட், கை தானாகப் போகும். நடுவில் ஒரு பிரவுசர் பில்லிங்குக்கு மாறினேன். பாதி பில் போட்டுவிட்டுப் பழக்கத்தில் எஃப்5. பிரவுசருக்கு எஃப்5 என்றால் ரிஃப்ரெஷ். பதினோரு அயிட்டமும் போச்சு. எஃப்12 அடித்தால் வேறு ஏதோ புரோகிராம் எழுதுகிற பலகை திறக்கிறது. ஒரு மாதத்தில் டாலிக்கே திரும்பிவிட்டேன். டாலியிலும் பிரவுசர் வசதி உண்டு அக்கா. அறிக்கை பார்க்கலாம், பில்லை இறக்கலாம், பதிவு போட முடியாது. அதற்கும் கடையில் டாலி திறந்து நெட்டோடு இருக்க வேண்டும், சந்தாவும் கட்டியிருக்க வேண்டும்.

கோட்டாறு பலசரக்கு:
எல்லோரும் பிரவுசரைத் திட்டுகிறீர்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடை ஓடு பறந்து சிபியுவுக்குள் தண்ணீர். மூன்று வருஷக் கணக்கு அதோடு போயிற்று. பென்டிரைவ் காப்பியும் அதே மேஜை டிராயரில்தான் இருந்தது. பில்லை எதில் வேண்டுமானாலும் போடுங்கள், ஃபைல் ஒன்டிரைவிலும், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும். தப்பாக அழித்துவிட்டாலும் முந்தைய பதிப்பை எடுக்கலாம்.

தக்கலை கணக்கர்:
அது நியாயம். ஒன்டிரைவில் வையுங்கள், ஆனால் திறக்கும்போது 'டெஸ்க்டாப் ஆப்பில் திற' என்பதைக் கொடுங்கள். வீட்டுக்காரருக்கு மாக்ரோ இல்லாத தனி ஃபைல் போதும்: தேதி, எடை, பாக்கி. அவர் பட்டனை அமுக்கப் போவதில்லையே.

ஷீட்டுக்கடை அக்கா, குலசேகரம்:
எல்லோருக்கும் நன்றி. விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கி 32 பிட் ஆபீஸ் போட்டாச்சு. தம்பி மெயிலில் அனுப்பிய பழைய காப்பியைத் திறந்ததும் மாக்ரோவைத் தடுத்துவிட்டதாகச் சிவப்புப் பட்டை வந்தது. நெட்டில் இறக்கியது என்றால் அப்படித்தானாம். ஃபைலை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் அன்பிளாக் போட்டதும் சரியாகிவிட்டது. அவருக்குத் தனி ஃபைல் கொடுத்தாச்சு. பெயர்களை மாற்றுவதுதான் பாதியில் நிற்கிறது.

நேற்று அந்த மாமா மறுபடி வந்தார். புதுச் சீட்டை அடித்துக் கொடுத்தபோதுதான் பழைய சீட்டைப் பார்த்தேன். அன்றைக்குக் கையால் எழுதியதில் ஈரத்துக்குக் கழிக்கவே மறந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.