‘தொகுநேர மாறிலி’ என்ற ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும்போதே, அதாவது தொகுக்கும்போதே, மதிப்பு தெரிந்துவிடும் மாறிலியைக் ‘கம்பைல் டைம் கான்ஸ்டன்ட்’ என்கிறார்கள். அதைத் தமிழில் ‘தொகுநேர மாறிலி’ எனலாம் என்ற பரிந்துரையை ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை. தொகுப்பி (கம்பைலர்), மாறிலி (கான்ஸ்டன்ட்) இரண்டும் முன்பே புழங்கும் சொற்கள். ஆனால் அந்த ஒரு சொல்லின் மேல் இரண்டு கருத்துகளை ஏற்றுகிறோம்: மதிப்பு தொகுக்கும்போதே தெரிந்திருப்பது ஒன்று, தெரிந்த மதிப்பைத் தொகுப்பி இன்னொரு கிளாஸ் கோப்புக்குள் (தொகுத்தபின் கிடைக்கும் கோப்பு) படியெடுத்து வைத்துவிடுவது, அதாவது ‘இன்லைனிங்’, மற்றொன்று. ஜாவாவில் இவை சேர்ந்தே நிகழ்வதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஜாவாவோடு சேர்ந்து இயங்கும் மற்றொரு நிரல்மொழியான குரூவியில் இவை பிரிகின்றன.

ஒரு ஜாவா கிளாஸில் ‘வரம்பு’ என்ற ஸ்டாட்டிக் ஃபைனல் (கிளாஸுக்கே உரிய, ஓடும்போது மாற்ற முடியாத) எண்ணுக்கு 10 என்று மதிப்பு தந்திருக்கிறோம் என்று கொள்வோம். பிறகு அதை 20 ஆக்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி தொகுத்தால், அதைப் பயன்படுத்தும் மற்றொரு ஜாவா கிளாஸ் இன்னமும் 10 என்றே அச்சிடும். வழக்கமான குரூவி நிரலின் மெத்தடோ (கிளாஸுக்குள் எழுதும் செயற்கூறு), ஓடும்போதுதான் புலத்தை, அதாவது கிளாஸில் மதிப்பு இருக்கும் இடத்தை, படிக்கிறது என்பதால், 20 என்று அச்சிடும். ஆனால் அதே குரூவி கிளாஸில் ஓர் அனோட்டேஷனுக்குள் (நிரலின் பகுதிகளோடு இணைக்கும் குறிப்பு) ‘வரம்பு’ இடம்பெற்றிருந்தால், அங்கே 10 தான் நிற்கும். அனோட்டேஷனின் மதிப்பு கிளாஸ் கோப்பிலேயே எழுதப்பட்டாக வேண்டும் என்பதே காரணம். ஒரே கோப்பில், ஒரே பெயருக்கு, இரண்டு மதிப்புகள்! இதைத் ‘தொகுநேர மாறிலி’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

படியெடுத்து வைக்கும் செயலுக்குப் ‘பதியமிடல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பதியம் போட்ட கிளை வேர்விட்டுத் தனிச்செடியான பின், தாய்ச்செடிக்கு நேர்வது எதுவும் அதைத் தொடுவதில்லை. இங்கு நடப்பதும் அதுவே. ‘உட்பொதித்தல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் அது ‘எம்பெட்’ என்பதற்கு நிலைபெற்றுவிட்டது. இனி, “ஜாவா தொகுநேர மாறிலிகளைப் பதியமிடுகிறது, குரூவி அனோட்டேஷன்களுக்குள் பதியமிடுகிறது, மெத்தடுக்குள் பொதுவாகப் பதியமிடுவதில்லை” என்று தெளிவாக எழுதலாம்.

‘ஃபைனல்’ என்று குறித்த எல்லாவற்றையும் தொகுநேர மாறிலி என்று எழுதிவிடக் கூடாது. ஒரு மெத்தடை அழைத்து மதிப்புப் பெறும் ஃபைனல் புலம் மாறாதது என்றாலும், தொகுக்கும்போது அதன் மதிப்பு தெரியாது. ஆகவே ஜாவாவும் அதைப் பதியமிடாது.

ஒரு மெத்தடின் உடலையே அழைக்கும் இடத்தில் விரித்து வைப்பதையும் ‘இன்லைனிங்’ என்கிறார்கள். அதற்கும் பதியமிடல் பொருந்தும் என்றே தோன்றுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள்.