படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் பாத மருத்துவர் வேலை: தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

கொட்டகலைப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேராதனையில் உயிரியல் விஞ்ஞானம் முடித்துவிட்டு இப்போது கொட்டகலையில் வீட்டோடு இருக்கிறேன், பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குப் பொடியாட்ரி, அதாவது பாத மருத்துவம் படிக்க ஆசை. அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் விளங்குவதில்லை. நானும் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு பதவியில் யாரையும் கண்டதில்லை.

ஆசை வந்தது அம்மாயியால். 35 வருடம் கொழுந்து எடுத்தவர், சீனி வியாதி. கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு தேயிலைக் குச்சி காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, வாடை வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே.

அமெரிக்காவில் போருக்குப் போய்வந்தவர்களுக்கென்றே ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கே பாத மருத்துவர்கள் முழுநேரமாக வேலை செய்கிறார்கள், காலை வெட்டாமல் காப்பாற்றுவதுதான் அவர்களுடைய பெரிய வேலை என்று வாசித்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? நம் பக்கத்திலிருந்து போகிற ஒருவருக்கு அந்த வேலை கிடைக்குமா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். அம்மாவிடம் சொன்னதும், "ஆமிக்காரன் காலைப் பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்று பேச்சை முடித்துவிட்டார். எந்த நாட்டு ஆமி என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. 83 கலவரத்தில் அவர் சின்னப் பிள்ளை, லயனை விட்டுக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர். அவர் மனதை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அப்புத்தளைக்காரன்

தங்கச்சி, நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், 11 வருடமாக. பிறந்தது அப்புத்தளை, சின்ன வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனோம், இப்போது லீவில் வந்து அத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

வருகிறவர் நகம் வெட்ட வந்திருந்தாலும் சரி, முதலில் இரண்டு சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றச் சொல்வேன். விரலிடுக்கு, குதிகால், நகம் எல்லாம் பார்த்துவிட்டு சப்பாத்துக்குள்ளும் கையை விட்டுத் தடவுவேன். ஆணி, கல், ஒரு தடவை உடைந்த பொத்தான் ஒன்று உள்ளே கிடந்தது, அவர் அதன் மேலேயே நாள்கணக்காக நடந்திருக்கிறார். அப்புறம் பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பிடிப்பேன். பிறகு 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலோன் இழை. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் சில இடங்களில் அதை வைப்போம், தெரிந்தால் சொல்ல வேண்டும். நான் தொட்டு முடித்த பிறகும் சிலர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை வருடமானாலும் அந்த நேரம் எனக்குப் பழகவில்லை.

இதையெல்லாம் வைத்து 0 முதல் 3 வரை ஒரு ஆபத்து எண் போடுவோம். பேவ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு திட்டம், அமெரிக்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் காலை வெட்டுவதைத் தடுப்பதற்காகவே வந்தது. முன்பு புண் வந்து ஆறியவர், விரல் எடுத்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர் எல்லாரும் 3. அவர்களை அடிக்கடி வரவழைப்போம், அவர்கள் காலுக்கென்று சப்பாத்துச் செய்து கொடுப்போம். புண் இருந்தால் சுற்றியுள்ள காய்ப்பையும் செத்த தசையையும் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். ஒரு மெல்லிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது அடியில் எலும்பு தட்டுப்பட்டால் எலும்புக்குள்ளும் கிருமி போயிருக்கிறதா என்று தேட வேண்டும். உள்ளங்கால் புண்ணுக்கு நான் மருந்தைவிட நம்புவது, அதன்மேல் பாரம் விழாமல் பார்ப்பதைத்தான். அதற்குப் பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை உடம்போடு ஒட்டினாற்போல ஒரு கட்டுப் போடுவோம். அதோடு நடக்கலாம், ஆனால் நினைத்த நேரம் கழற்ற முடியாது, அதனால்தான் புண் ஆறுகிறது. கழற்றக்கூடிய பூட்ஸைக் கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் அது கட்டிலுக்கடியில் போய்விடும்.

வருகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. 1950 கடைசியில் கொரியாவில் சோசின் நீர்த்தேக்கப் பக்கம் நடந்த சண்டையில் கால் உறைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், தொண்ணூறு வயதிலும் குளிர் தொடங்கியதும் அந்த விரல்கள் எரிவதாகச் சொல்வார்கள். வியட்நாமுக்குப் போனவர்களிடம் சீனி வியாதி நிறைய. அங்கே காட்டில் தெளித்த ஏஜென்ட் ஒரேஞ் என்ற இலைகொல்லி மருந்து பட்டவருக்கு டைப் 2 நீரிழிவு வந்தால், அதைப் போர்ச் சேவையால் வந்ததாகவே 2001 முதல் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்கள் இன்னும் இளம் ஆட்கள், குதிகால் வலி, கணுக்கால் வலி என்று வருவார்கள். எல்லாரிடமும் ஒரே பழக்கம், வலியைச் சொல்லமாட்டார்கள். எலும்பு தெரிகிற புண்ணைக் காட்டிவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை டொக்டர், என்னைவிட மோசமானவர்கள் வெளியே இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள்" என்பார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் அப்பாயியும் இப்படித்தான் சொல்வார்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன், அந்த ஆஸ்பத்திரியை மட்டும் குறி வைத்து இங்கிருந்து புறப்படாதீர்கள். பட்டத்துக்குப் பிறகு 4 வருடப் படிப்பு, அப்புறம் ஆஸ்பத்திரியில் 3 வருடப் பயிற்சி, கடன் இல்லாமல் அதை முடித்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. அவை மத்திய அரசாங்க ஆஸ்பத்திரிகள், தகுதியான அமெரிக்கப் பிரஜை கிடைக்காவிட்டால்தான் வெளியாளை எடுக்கலாம். 2018ல் வந்த சட்டம் ஒன்று சம்பளத்தில் எங்களை மற்ற மருத்துவர்களோடு ஒரே வரிசைக்குக் கொண்டு வந்தது, எங்களுக்கு அது பெரிய விஷயம், ஆனால் பிரஜை விதி அப்படியேதான் இருக்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். 3 வருடப் பட்டம், ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களில் 2 வருட முதுமாணி, முடித்ததும் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழிலாளர் பதிவுச் சபையில் பதிய வேண்டும். அங்கே படைவீரர்களும் எல்லாரையும் போலப் பொதுச் சுகாதார சேவைக்குத்தான் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் படைவீரர்களுக்கென்று இருந்த பழைய ஆஸ்பத்திரிகள் 90களில் கைமாறிவிட்டன. இப்போது அவர்கள் அரசாங்க அட்டையோடு ஊரிலுள்ள பாத மருத்துவரிடமே போகிறார்கள், குடும்ப டொக்டர் தரும் ஒரு கடிதத்துக்கு 12 தடவை, அல்லது ஒரு வருடம் வரை. ஆகவே எங்கே படித்தாலும் போருக்குப் போனவரின் கால் ஒருநாள் உங்கள் முன்னால் வரும். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை தங்கச்சி, அதை இங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

மருந்து கட்டும் அக்கா

நான் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸ், மருந்து கட்டும் அறையிலேயே 9 வருடம் போய்விட்டது. தம்பி எழுதியதை வாசித்தபோது எங்கள் அறைதான் கண்ணில் வந்தது. இங்கே போர் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

மழைக்காலம் முழுக்கச் சேற்றுப்புண். நாள் பூராவும் ஈரக் காலோடு மலையில் நின்று, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, அது புண்ணாகி வருவார்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இரவு அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சீனி வியாதியால் கால் மரத்தவருக்குச் சுடுவது தெரியாது, காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். அப்புறம் திருவிழாக் காலம். தீமிதித்துவிட்டு வருகிறவர்களில் மரத்த கால்காரர்களை எனக்குப் பார்த்ததுமே தெரியும், ஏனென்றால் அவர்களுக்கு வலியே இருக்காது. சிவனொளிபாதமலைக்கு வெறுங்காலோடு ஏறி வந்தவர்களும் அப்படித்தான். நேர்த்திக்கடனை நான் தடுக்கமாட்டேன், அது அவர்களுக்கும் அம்மனுக்கும் இடையில். ஆனால் அதற்கு முன்னால் யாராவது அந்தக் காலைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று ஒவ்வொரு வருடமும் மனது கிடந்து அடிக்கும்.

ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்று நான் இப்போது யாரையும் ஏசுவதில்லை. கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை, நேரத்தோடு திரும்பிப் போனாலும் அரைப்பேர்தான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கொப்புளத்துக்காக யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவார்?

பிள்ளை, நீங்கள் படிக்கப் போங்கள். போய்விட்டு ஒரு மாதமாவது எங்கள் பக்கம் வந்து, கத்தி பிடிக்கும் விதத்தையும் அந்தக் கட்டையும் எங்களுக்குக் காட்டித் தாருங்கள். எங்களிடம் இருப்பது பஞ்சும் சேலைனும்தான்.

வெலிமடை மகன்

அந்த அம்மாவின் பேச்சைப் பற்றி எழுதத்தான் வந்தேன். என் வாப்பா ஆமியில் இருந்தவர். தமிழ் பேசுகிற முஸ்லிம் வீட்டிலிருந்து அந்தக் காலத்தில் சம்பளத்துக்காகப் போனவர்தான். வடக்கில் மிதிவெடியில் இடது கால் போனது. என் பெயரை வைத்துக்கொண்டு பாடசாலையில் இரண்டு பக்கத்தாரிடமும் நான் கேட்டதெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் அம்மா பயந்தது உண்மையான பயம், அதை யாரும் வாதாடி ஜெயிக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாப்பாவுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது, நல்ல கால்தான், பல வருடம் ஒவ்வொரு தடவை போகும்போதும் அதைப் பார்த்தார்கள், பட்டியை இறுக்கினார்கள், அளவு மாற்றினார்கள். வலது காலை யாரும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றுங்கள் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. உடம்புப் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில்தானே விழுகிறது, பெருவிரலுக்கு அடியில் காய்ப்புக் கட்டி, காய்ப்புக்கு உள்ளே புண் வைத்து, வெளியே தெரியும்போது சீனியும் 300க்கு மேல். அந்தக் காலும் போயிருந்தால் அவர் கட்டிலோடுதான். கடைசியில் அதைக் காப்பாற்றியது தனியார் கிளினிக்கில் இருந்த ஒரு தமிழ் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். தரையில் குந்தி உட்கார்ந்து வாப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். இருவரும் அன்றைக்குப் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா பஸ்ஸில் அழுதார், அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முடிந்தால் இதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அப்புத்தளைக்காரன்

வெலிமடைத் தம்பி, நாங்கள் ஒரு கால் எடுத்தவருக்கு நேரே 3 போடுவதும் மற்றக் காலுக்காகத்தான். வாப்பாவுக்கு என் சலாம்.

தங்கச்சி, வீட்டில் அம்மாவின் காலையும் ஒரு தடவை பாருங்கள். அதற்கு இழை வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம், இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் கண்டுபிடித்த ஒரு சோதனை இருக்கிறது, விரல் மட்டும் போதும். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் நுனிகளை உங்கள் ஆட்காட்டி விரலால் மெல்லத் தொடுங்கள், ஒன்றிரண்டு விநாடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. 6 இடத்தில் 2 தெரியாவிட்டாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொட்டகலைப் பிள்ளை

எல்லாவற்றையும் வாசித்தேன், சிலதை இரண்டு தடவை. வெலிமடை அண்ணா எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் காலைக் காட்டச் சொன்னேன், கூச்சப்பட்டார், தேயிலைச் சாயம் போகாத கால் என்று உள்ளே இழுத்துக்கொண்டார். டோர்ச் அடித்துப் பார்த்து, அண்ணா சொன்ன மாதிரி தொட்டேன். வலது காலில் மூன்றும் தெரிந்தது. இடது காலில் பெருவிரலும் சின்ன விரலும் தெரியவில்லை. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, ஆழமானது, உள்ளே மணல். அம்மாவுக்கும் மூன்று வருடமாகச் சீனி, மாத்திரை மட்டும்தான் எடுக்கிறார்.

நான் வெடிப்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "ஆமிக்காரனுக்கும் இப்படித்தான் தொட்டுப் பார்ப்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.

மருந்து கட்டும் அக்கா

அது வரைக்கும் தினமும் இரண்டு தடவை பாருங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, வாடை வந்தாலோ, கால் சுட்டாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். கழுவிய பிறகு விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள், அடுப்படிப் பக்கம் காலை நீட்ட விடாதீர்கள். வரும்போது அவர் மலைக்குப் போட்டுப் போகிற செருப்பையும் கொண்டு வாருங்கள்.